சீர்த் தாம்பாளத்தில் வந்த ஐரிஷ் விஸ்கி

பாசத்துக்குரிய கதிரேசன் அண்ணனுக்கு,

பாசத்துக்குரிய என்பது பழக்கத்தில் வந்துவிட்டது. நீ வெளிநாட்டில் இருந்தபோது உனக்கு எழுதிய கடிதங்களை எல்லாம் இப்படித்தானே ஆரம்பித்தேன். அடித்துவிட்டு வேறு எழுதலாமா என்று பார்த்தேன். உன் மேல் எனக்கு இருக்கிற கோபத்துக்குத் தோதான வார்த்தையைக் கடிதத்தின் தலையில் எழுத முடியாது. அதனால் இது இருந்துவிட்டுப் போகட்டும்.

நீ போய் ஒரு வருசம் ஆகிவிட்டது. திருக்கோகர்ணத்தில் உன் தெரு முனையில் உன் சேக்காளிகள் ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். கூலிங்கிளாஸ் போட்ட உன் படம். அதற்குக் கீழே, வாழ்க்கையை ரசித்து வாழ்ந்த மாமனிதன் என்று பெரிய எழுத்தில். டவுன் பஸ்ஸில் போகும்போது அதைப் படித்தேன், வயிறு எரிந்தது. எல்லாரும் உன்னைப் பற்றி நல்லதை மட்டும் சொல்லி முடித்துவிட்டார்கள், மிச்சத்தை யார் சொல்வது?

ஊரே படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். என் வீட்டுக்காரரிடம், அதாவது உன் அருமை மாப்பிள்ளை சின்னத்துரையிடம், கேட்டுவிட்டேன். "எழுது. எம்பேரையும் போட்டே எழுது" என்றார்.

நீ குடிகாரன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் சேக்காளிகள் சண்டைக்கு வர வேண்டாம். நீ தள்ளாடி யாரும் பார்த்ததில்லை. நீ செத்ததும் குடியால் இல்லை, காலையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், அவ்வளவுதான். உனக்கு ஒன்றும் ஆகாமல் நீ வாழ்ந்து போனதுதான் எனக்கு ஆத்திரம்.

வெளிநாட்டு விமான நிலையத்தில் வரியில்லாமல் சாமான் விற்கிற கடையில் உனக்கு வேலை. அதிலும் மது விற்கிற பகுதி. அயர்லாந்திலிருந்து ஒருவர் வந்து, ஐரிஷ் சிங்கிள் மால்ட் விஸ்கியை எப்படி ருசிப்பது, வருகிறவனிடம் எப்படி எடுத்துச் சொல்வது என்று உங்களுக்கு வகுப்பு எடுத்தாராம். அங்கே பிடித்தது உனக்குப் பைத்தியம். ஊருக்கு லீவில் வந்தால் பெட்டியில் துணிமணி இருக்கிறதோ இல்லையோ, சட்டையில் சுற்றிய புட்டி இருக்கும். அதோடு வயிறு பெருத்து வாய் சிறுத்த கண்ணாடிக் கிளாஸ் ஒரு ஜோடி.

குடிக்கிறவன் வேறு, ருசிக்கிறவன் வேறு என்று உன் வாயால் எத்தனை முறை கேட்டிருப்பேன். கிளாஸில் ஒரு விரல் அளவு ஊற்றுவாய். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து நிறம் பார்ப்பாய். மூக்கில் வைத்து வைத்து எடுப்பாய். ஒரு வாய் எடுத்து, நாக்கில் புரட்டி, கண்ணை மூடிக்கொள்வாய். பீப்பாயில் கிடக்கிற விஸ்கி வருசா வருசம் கொஞ்சம் காற்றில் போய்விடுமாம், அதைத் தேவதைகளின் பங்கு என்பார்களாம். அதைச் சொல்லும்போது உன் குரல் கோயிலில் பேசுகிற மாதிரி தாழ்ந்துவிடும். எனக்கும் அப்போது கேட்க ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

ஒரு வருசம் பொங்கலுக்கு லீவில் வந்தபோது நீ எனக்குச் சீர் கொண்டுவந்தாய். வல்லத்திராக்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலில் கரும்புக் கட்டை இறக்கினாய். தாம்பாளத்தில் அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, எனக்குச் சேலை, அவருக்கு வேட்டி. அந்த வேட்டி மடிப்பின் மேல் ஒரு பச்சைப் பெட்டி. தாம்பாளத்தை நான்தான் வாங்கினேன், வழக்கத்தை விடக் கனமாக இருந்தது.

பெட்டிக்குள் என்ன என்று தெரிந்ததும் அவர் கூச்சப்பட்டுப் பின்னால் நகர்ந்தார். "எனக்குப் பழக்கமில்ல மச்சான். வண்டி ஓட்டுறவன்."

"அட, குடிக்கவா சொல்றேன்? ருசி பாருங்க மாப்ளே. அக்கா தங்கச்சிக்குச் சீர் கொண்டாந்து, அதுல மாப்பிள்ளைக்கின்னு வச்சதை வேணாம்பாங்களா? எனக்குத்தான் கேவலம்."

பஸ் டிரைவர் அண்ணே அவர். புதுக்கோட்டையிலிருந்து திருமயம் வழியாகக் காரைக்குடி போகிற தனியார் பஸ். சக டிரைவர்கள் எல்லாரும் டூட்டி முடிந்து பிராந்திக் கடைக்குப் போகும்போது இவர் டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வருவார். கல்யாணத்துக்கு முன்னால் நீதான் விசாரித்து வந்து, பையன் எதையும் தொடமாட்டான், தைரியமாகக் கட்டு என்று சொன்னாய். உனக்கு அது ஞாபகம் இருந்ததா இல்லையா? நான் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

முதல் வாயை அவரால் விழுங்க முடியவில்லை. தொண்டை காந்தி, கன்னத்தில் அடக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார், துப்ப. நீ பின்னாலேயே போய்த் தோளைப் பிடித்தாய். "சீரா வந்ததைத் துப்பக்கூடாது மாப்ளே. முழுங்குங்க." அவர் விழுங்கினார். மாமியார் வீட்டு மரியாதையை மண்ணில் துப்பக் கூடாது என்று விழுங்கினார்.

அந்த வகுப்பில் நீங்கள் எல்லாரும் ருசி பார்த்துவிட்டு ஒரு வாளியில் துப்பினீர்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். துப்பினால்தான் பத்துப் புட்டியையும் தெளிவாக ருசி பார்க்க முடியும் என்று சொல்லிச் சிரித்திருக்கிறாய். நிறம் பார்க்கச் சொல்லிக் கொடுத்தாய், மோந்து பார்க்கச் சொல்லிக் கொடுத்தாய், ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் வாசம் எப்படி மலரும் என்று காட்டினாய். துப்புவதை மட்டும் ஏன் அண்ணே சொல்லிக் கொடுக்கவில்லை?

அன்றைக்குச் சாயங்காலமே வாத்தியார் வேலையை ஆரம்பித்துவிட்டாய். "மூக்கை உள்ள விட்டு இழுக்காதீங்க, நெடிதான் ஏறும். வாயை லேசாத் தொறந்துக்கிட்டு மோந்து பாருங்க. மொளைகட்டுன பார்லி மட்டும் போட்டு, ஒரே ஆலையில வடிச்சது. மூணு தடவ வடிப்பாங்க. அதான் இவ்வளவு பதம். ஸ்காட்ச்சுல பலதுல வார பொகை வாடை இதுல இருக்காது. பச்சை ஆப்பிள் வருதா?"

"ஆப்பிளை நான் எங்க மச்சான் மோந்து பாத்தேன்? பலாச்சுளையை வைக்கப்போருக்குள்ள பொதைச்சு வச்சு எடுத்த மாதிரி இருக்கு. அடியில தேன்."

நீ எழுந்து நின்றுவிட்டாய். "மாப்ளே, இதுதான் மூக்கு. எனக்குச் சொல்லிக்குடுத்த வெள்ளக்காரனுக்குக்கூட இப்புடி வராது." அவர் முகத்தைப் பார்த்தாயா அப்போது? இத்தனை வருசம் பஸ் ஓட்டியவரை யாரும் எதற்கும் புகழ்ந்ததில்லை. இடிக்காமல் கொண்டுவந்து சேர்த்தால் அதற்கு யார் கை தட்டுவார்கள்? முதல் தடவையாக ஒரு விசயத்தில் கெட்டிக்காரர் என்று பேர் வாங்கினார், அதுவும் உன்னிடம். அந்தச் சந்தோசத்தை நானே என் கண்ணால் பார்த்தேன்.

லீவு முடிந்து நீ விமானம் ஏறிவிட்டாய். புட்டி ஒரு மாதம் வந்தது. அப்புறம்? நீ வருசத்துக்கு ஒரு தடவைதான் வருவாய். நீ பழக்கிவிட்ட நாக்கு தினமும் எங்கள் வீட்டில்தானே இருந்தது.

முதல் நாள் பிராந்திக் கடையிலிருந்து ஒரு குவாட்டர் வாங்கிவந்து, நீ விட்டுப்போன கிளாஸிலேயே ஊற்றி, டியூப்லைட்டில் சாய்த்துப் பார்த்தார். வாயை லேசாகத் திறந்து மோந்தார். "வார்னிஷ் வாடை அடிக்குது வள்ளி" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே குடித்தார். கொஞ்ச நாளில் கிளாஸ் போயிற்று, அப்புறம் மோந்து பார்ப்பதும் போயிற்று. கடை வாசலிலேயே தண்ணீர்ப் பாக்கெட்டைக் கடித்து ஊற்றி ஒரே மூச்சில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வர ஆரம்பித்தார். அவர் சட்டையைத் துவைக்க எடுக்கும்போது நானும் மோந்து பார்த்தேன் அண்ணே, நீ அவருக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரி அவசரப்படாமல். வாந்தியும் வேர்வையும் டீசலும் வந்தன. தேன் வரவில்லை.

ஒரு நாள் திருமயம் கோட்டைக்குக் கீழே ஸ்டாப்பில் பஸ்ஸை நிறுத்தியவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துத் தூங்கிவிட்டார். கண்டக்டர் எழுப்ப எழுப்ப எழுந்திருக்கவில்லை. பயணிகள் திட்டிக்கொண்டே இறங்கி வேறு பஸ் பிடித்துப் போனார்கள். ஓடுகிறபோது தூங்காமல் நிறுத்தித் தூங்கினாரே, அந்த மட்டும் சாமி காப்பாற்றியது. அன்றைக்கே முதலாளி சாவியை வாங்கிக்கொண்டார்.

அழுதுகொண்டு உனக்குப் போன் போட்டேன். நீ என்ன சொன்னாய்? "அவரு குடிக்கத் தெரியாமக் குடிக்கிறாரு வள்ளி. கண்ட சரக்கும் குடிச்சா இப்புடித்தான். நான் லீவுல வந்து சொல்லிக் குடுக்குறேன்." தங்கச்சி வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று சொல்கிறாள், நீ சரக்கின் தரத்தைப் பற்றிப் பேசுகிறாய். அன்றைக்கு அந்தப் போனைத் தரையில் அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

நீ நிரந்தரமாக ஊருக்கு வந்து, திருக்கோகர்ணத்தில் வீடு கட்டி, கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில் புட்டிகளை வரிசையாக அடுக்கி, கிரகப்பிரவேசம் வைத்தாய். வந்தவர்கள் முன்னால் இவர் தோளில் கை போட்டுச் சொன்னாய், "எம் மாப்பிள்ளைக்கு மூக்கு ராசா மூக்கு. குடிக்கிற சரக்குதான் கழிசடை." எல்லாரும் சிரித்தார்கள். கை நடுங்க நடுங்க நின்ற இவரும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் சாகிற வரை மறக்க மாட்டேன், உன்னையும் மறக்கவிட மாட்டேன்.

அப்புறம் மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர், ஆஸ்பத்திரி. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனி ஒரு வாய் உள்ளே போனாலும் ஆளைப் பார்க்க முடியாதும்மா என்றார். நீ சாத்துக்குடிப் பையோடு வந்து கட்டில் ஓரத்தில் நின்றாய். போர்வையை இழுத்து அவர் காலை மூடிவிட்டாய். சரி, அண்ணன் மனசு இளகுகிறது என்று நினைத்தேன். நீ வாயைத் திறந்து, "நல்ல சரக்கா இருந்திருந்தா ஈரல் இவ்வளவு கெட்டிருக்காது" என்றாய். அதோடு உன்னிடம் பேசுவதை நிறுத்தினேன்.

உன்னோடு ஒரு பெரிய சண்டை போட வேண்டும் என்று சேர்த்து வைத்துக்கொண்டிருந்தேன். அவர் கொஞ்சம் தேறட்டும், அப்புறம் வைத்துக்கொள்கிறேன் என்று இருந்தேன். அதற்குள் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். உன் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதேன் என்றால், பாதி அழுகை அந்தச் சண்டைக்குத்தான். மீதிப் பாதி உனக்கு. அதை நீ எடுத்துக்கொள்ளலாம்.

இப்போதைய சேதி சொல்கிறேன். அவர் தேறிவிட்டார். குடியை விட்டுவிட்டார். பழைய முதலாளியே கூப்பிட்டு, லீவு போடுகிற டிரைவருக்குப் பதிலாக ஓட்டச் சொல்லியிருக்கிறார். சுத்தமாக இருந்தால் நிரந்தரமாகத் தருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். பிராந்திக் கடை இருக்கிற ரோட்டில் போக வேண்டாம் என்று ஊரைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். இந்த நிலைமையில்தான் உன் தெவசம் வந்தது.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். செத்தவருக்குப் பிடித்ததை எல்லாம் படத்துக்கு முன்னால் படைக்க வேண்டும். படைத்ததில் முதல் கை வீட்டு மாப்பிள்ளைக்கு. அதை வாங்க மறுத்தால் செத்தவர் பசியோடு திரும்பிப் போவார் என்று பங்காளிகள் பேசுவார்கள். உனக்குப் பிடித்தது என்ன என்பது ஊருக்கே தெரியும். அலமாரியில் உடைக்காத புட்டி ஒன்றும் இருந்தது.

நான் முன்கூட்டியே போய் மதினியிடம் கெஞ்சினேன். "வேணாம் மதினி, கறி வைங்க, முட்டை வைங்க. அதை மட்டும் வைக்காதீங்க."

"நீ சொல்றது எனக்குப் புரியாம இல்ல வள்ளி. வைக்காம விட்டா பெரியப்பா என்னையத்தான் கேப்பாரு, புருசனுக்குப் பிடிச்சதை வைக்க மனசு வரலையான்னு. ஒங்க வீட்டுக்காரரை ஒதட்டுல தொட்டுட்டு வச்சிறச் சொல்லேன்."

"தொட்டுட்டு வைக்கிற ஆளா இருந்தா நான் எதுக்கு மதினி இம்புட்டுத் தூரம் வாரேன்?"

அவரைத் தெவசத்துக்கு வராதீர்கள் என்றும் சொல்லிப் பார்த்தேன். "ஒங்க அண்ணன் மொத தெவசத்துக்கு நான் போகாம இருந்தா அசிங்கம் வள்ளி" என்றார். உன் மேல் அவருக்குக் கோபமே இல்லை. அதுவும் சேர்த்து என் தலையில்தான் விடிந்திருக்கிறது.

படையல் அன்றைக்குக் கூடம் நிறைய ஆட்கள். தலைவாழை இலையில் சோறு, கறிக்குழம்பு, வறுவல், அதிரசம். உன் மகன் புட்டியைத் திறந்து உன் வாய் சிறுத்த கிளாஸில் ஊற்றினான். சாம்பிராணிப் புகையையும் மீறி அந்த வாசம் கிளம்பியது. ஆம்பிளைகள் வரிசையில் நின்ற இவரைப் பார்த்தேன். கண் கீழே இருந்தது. மூக்கு மட்டும் விடைத்தது.

பெரியப்பா காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டு வந்து, விழுந்து கும்பிட்டு, கிளாஸை இலையிலிருந்து எடுத்தார். "வாங்க மாப்ளே. மொத கை ஒங்களுக்குத்தான்."

இவர் கை நீண்டது. தானாக நீண்ட மாதிரி இருந்தது. அந்தக் கை ஸ்டியரிங் பிடிக்க ஆரம்பித்து நடுக்கம் நின்ற கை. இப்போது மறுபடி நடுங்கியது. நான் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து போனேன்.

"இங்கிட்டுக் குடுங்க பெரியப்பா."

"ஒனக்கு என்னத்துக்கு ஆத்தா இது?"

"எங்க அண்ணனுக்குப் படைச்சது. கூடப்பொறந்தவ நான். மாப்பிள்ளைக்கு உரிமை என்னால வந்ததுதானே? குடுங்க."

"பொம்பளை குடிக்கிறதா? சபையில?"

"மாப்பிள்ளை சாகுறதுக்கு நான் குடிக்கிறது பரவாயில்ல பெரியப்பா."

கேட்டுக்கொண்டிருக்காமல் அவர் கையிலிருந்து வாங்கிவிட்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு மடக்கென்று ஊற்றிவிடத்தான் நினைத்தேன். ஆனால் கிளாஸ் மூக்குக்குப் பக்கத்தில் வந்ததும் என் வாய் தானாக லேசாகத் திறந்துகொண்டது. நீ சொல்லிக் கொடுத்தது எனக்கு இல்லை, நான் கதவு ஓரத்தில் நின்று கேட்டதுதான். கொஞ்சமாக எடுத்து நாக்கில் புரட்டினேன். முதலில் காந்தியது. அப்புறம் காந்தல் இறங்கி, கொய்யாப்பழமும் காய்ந்த திராட்சையும் மாதிரி ஒன்று வந்தது. விழுங்கிய பிறகும் தொண்டையில் வெதுவெதுப்பாக, தித்திப்பாக, ரொம்ப நேரம் நின்றது. எல்லாரும் பார்த்துக்கொண்டே இருக்க, கிளாஸ் காலியாகிற வரை அப்படியே குடித்தேன்.

நன்றாக இருந்தது அண்ணே. நீ சொன்னதெல்லாம் உண்மை. இவ்வளவு நல்லதைக் கையில் வைத்துக்கொண்டு, அது ஒருவனை என்ன செய்யும் என்று யோசிக்காமல் கொடுத்தாயே. அது கசப்பாக, நாற்றமாக இருந்திருந்தால், ஏதோ தெரியாமல் செய்துவிட்டாய் என்று உன்னை விட்டிருப்பேன். இப்போது விட முடியவில்லை.

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மதினி மட்டும் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மிச்சப் புட்டியைப் பங்காளிகள் மாடிக்குக் கொண்டுபோய் ஆரஞ்சு கலர் சோடா கலந்து குடித்தார்களாம். மூன்று தடவை வடித்த உன் சிங்கிள் மால்ட்டில் ஆரஞ்சு கலர். நீ அங்கே இருந்திருந்தால் இன்னொரு தடவை செத்திருப்பாய். இந்த வருசம் உன்னால் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோசம் அதுதான்.

வண்டியில் ஊருக்குத் திரும்பும்போது எனக்குத் தலை லேசாகச் சுற்றியது. இவர் மெதுவாகத்தான் ஓட்டினார். ஊர் எல்லை வந்தது. அப்புறம் திரும்பாமலே கேட்டார்.

"எப்புடி இருந்துச்சு?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிசம் பார்த்தேன். "நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன்.

"தெரியும்" என்றார். "அதான் எனக்குப் பயம்."

அண்ணே, அடுத்த வருசமும் உனக்குப் படைப்பார்கள். அதற்கு அடுத்த வருசமும் படைப்பார்கள். அந்தக் கிளாஸும் வரும், முதல் கையும் நீளும். ஊர் என்னைக் குடிகாரி என்று சொல்லட்டும், ஃபிளெக்ஸ் வைத்தே சொல்லட்டும். ஒவ்வொரு வருசமும் முதல் ஆளாக எழுந்து நின்று நான் குடிப்பேன். எனக்கு உயிர் இருக்கிற வரை நீ கொடுக்கிற எதுவும் இனி அவர் கைக்குப் போகாது.

இப்படிக்கு,
சின்னத்துரையின் பெண்டாட்டி,
அதற்கு அப்புறம்தான் உன் தங்கச்சி,
வள்ளிக்கண்ணு